ஸ்டாப்வாட்ச் டீச்சரும் என் முப்பத்தொரு விநாடிச் சாதனையும்

இரண்டு மாதத்துக்கு முந்தைய இதழில், இதே பக்கத்தில், ஒரு பெண்மணியைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன். ‘விசில் ஊதியவர்கள் கையில் பிள்ளைகளின் மூளை’ என்று தலைப்பு. கல்வி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர் பள்ளி பள்ளியாகப் போய், ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைகளைச் சோதிக்கிறார். முன்பு விளையாட்டு ஆசிரியையாக இருந்தவருக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருந்தேன். மூன்று வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். நம் பத்திரிகைக்கு இருப்பதே நானூறு சந்தாதாரர்கள்; மூன்று கடிதம் என்பது புரட்சிக்கு மிக அருகில். அந்த மூவரும் என்னை மன்னிக்க வேண்டும். இந்த மாதம் அதே பெண்மணியின் வாழ்க்கையைத்தான் எழுதுகிறேன். நடுநடுவே நானும் வருவேன். வரும் இடமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் வருவேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். பகலெல்லாம் மற்றவர்கள் எழுதிய புகார்களை வாங்கி முத்திரை குத்துவேன். மாலையில் நான் புகார் எழுதுவேன். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை இல்லாதது முதல் பாடநூலில் இருக்கும் மூடநம்பிக்கை வரை இதுவரை நூற்றுப்பதினான்கு மனு போட்டிருக்கிறேன். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று கூட்டந்தோறும் முழங்குபவனும் நான்தான்.

என் அக்கா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மாலை ஷிஃப்ட். அதனால் அவள் மகள் பள்ளி விட்டதும் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. நாங்கள் அவளை வாலு என்று கூப்பிடுவோம். காரணம் சொல்லத் தேவையில்லை. வாய் எட்டூருக்குக் கேட்கும். ஆனால் தேர்வென்றால் பாதித் தாள்தான் எழுதுவாள். எழுதிய பாதி சரியாக இருக்கும், மீதிப் பாதி வெள்ளையாக இருக்கும். ‘சோம்பேறி’ என்று வகுப்பாசிரியர் முன்னேற்ற அறிக்கையில் மூன்று ஆண்டுகளாக எழுதிவந்தார். சென்ற ஆண்டு அவளை அதே வகுப்பில் நிறுத்தி வைத்தார்கள். இந்த ஆண்டும் தாள் பாதியில் நின்றால் மறுபடியும் ஏழாம் வகுப்புதான்.

இந்த நிலையில் ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா அதை என் மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“டேய், படிச்சுப் பாரு. நல்ல விஷயம்தான். கையெழுத்து மட்டும் நான் போட்டுட்டேன். நீ கொண்டு போய்க் குடுத்துடு.”

கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ‘உங்கள் பிள்ளையின் கற்றல் சிரமத்தைக் கண்டறிய விரைவுப் பெயரிடல் உள்ளிட்ட சோதனைகள் நடத்தப்படும்’ என்று இருந்தது. குடை, சாவி, மீன் போன்ற படங்களைப் பார்த்து எவ்வளவு வேகமாகப் பெயர் சொல்கிறாள் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பார்களாம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. மண்டையோட்டை அளந்து மனிதர்களைத் தரம் பிரித்த காலம் போய், இப்போது நாக்கை அளக்க வந்துவிட்டார்களா? மெதுவாகச் சொன்னால் தனி வகுப்பில் தள்ளி, மக்கு என்று முத்திரை குத்துவதற்கான சூழ்ச்சி! அந்தக் கொதிப்பில் நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. தீர விசாரிக்கிறவன், இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் விசாரித்தேன்.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்குப் போய் அரைமணி நேரம் பேசினேன். அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் நான் கையை உயர்த்தித் தடுத்தேன். கடைசியில், “இருங்க சார், விதிமுறை நோட்டை எடுத்துட்டு வர்றேன், நீங்களே பாருங்க” என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். மேசையில் சோதனைப் புத்தகம் திறந்து கிடந்தது. ஐந்தே படங்கள்: குடை, சாவி, மீன், பந்து, நாற்காலி. அவையே மாறி மாறி, வரிசைக்குப் பத்தாக, ஐந்து வரிசை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். வேறு யாராவது செய்திருந்தால் திருட்டு என்று மனுவில் எழுதியிருப்பேன். நான் செய்ததால் அதற்கு ‘உண்மையை வெளிக்கொணர்தல்’ என்று பெயர் வைத்தேன். விதிமுறை நோட்டு வருவதற்குள் கிளம்பியும் விட்டேன்.

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. மின்னடுப்பின் மேல் இருந்த டைமரைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

“இது எதுக்கு மாமா?”

“உன்ன யாரும் மட்டம் தட்டக்கூடாதுன்னு. சொல்லு.”

“குடை, சாவி, மீன்… மீன்… இரு இரு… இது உக்கார்றது…”

“நாற்காலி!”

“தெரியுது மாமா, வாய்க்கு வரல. நீ கத்துனா இன்னும் வராது.”

முதல் நாள் எழுபத்தாறு விநாடி. அந்த எண்ணைப் பார்த்தே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தினமும் நாற்காலியில் உட்காருகிற பிள்ளைக்கு அந்தப் பெயர் வாய்க்கு வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டிருக்க வேண்டும். பகுத்தறிவுக்கு அன்று விடுமுறை. மூன்றாம் நாள் வாலு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“மாமா, நீ வரிசையா வாசிச்சுக் காட்டு. நான் கேட்டுக்கறேன்.”

வாசித்தேன். இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை படத்தைப் பார்க்காமலே ஐம்பதையும் ஒப்பித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எப்படி டீ?”

“ஸ்கூல்லயும் இப்படித்தான். முதல் ஆளா வாசிக்கச் சொன்னா மாட்டிப்பேன். மூணாவது ஆளா சொன்னா தப்பிச்சிருவேன். முன்னாடி ரெண்டு பேர் வாசிக்கறத கேட்டு வச்சுப்பேன்ல.”

எட்டு ஆண்டுகளாக ஒரு பிள்ளை வாசிக்கத் திணறி, காதால் கேட்டே காலம் தள்ளியிருக்கிறாள் என்பதை அவள் வாயாலேயே சொன்னாள். நான் அவள் தலையைத் தடவி, “கெட்டிக்காரி! அம்மாகிட்ட இப்ப சொல்லாத, ஆச்சரியமா இருக்கட்டும்” என்றேன்.

சோதனை நாளன்று விடுப்புப் போட்டுவிட்டு வராந்தாவில் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதுதான் ஸ்டாப்வாட்ச் டீச்சரை முதன்முதலாகக் கண்டேன். ஐம்பதைக் கடந்தவர். வலது முழங்காலில் பட்டை. குழந்தைகளுக்கான குட்டை பெஞ்சில், வாலுவுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில், தோளோடு தோளாக, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்டாப்வாட்சைக் கைக்குட்டைக்குள் வைத்து மூடியிருந்தார். ஆதாரத்தை மறைக்கிறார் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வாலு பொரிந்து தள்ளினாள். முப்பத்தொரு விநாடி! டீச்சர் கைக்குட்டையை விலக்கிப் பார்த்தார். பிறகு வாலுவின் முகத்தைப் பார்த்தார். அடுத்த அட்டையை எடுத்தார். நான் அதற்குமேல் பார்க்கவில்லை. ஒழிந்தது சூழ்ச்சி என்று வீட்டுக்கு வந்து, அந்தச் சூட்டோடு முன்சொன்ன கட்டுரையை எழுதி அச்சுக்கு அனுப்பினேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. ‘மதிப்பெண் எல்லைக்கோட்டுக்கு மேல் உள்ளது. உதவி தேவையில்லை.’ அக்கா ஷிஃப்டுக்குக் கிளம்பின புடவையோடு என் வீட்டு வாசலில் நின்று அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நான் பயிற்சிக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன்.

“அடப்பாவி,” என்றாள். “ரெண்டாம் பக்கம் படிச்சியா நீ?”

“எந்த ரெண்டாம் பக்கம்?”

அவளிடம் கடிதத்தின் நகல் இருந்தது. திருப்பிக் காட்டினாள். ‘சோதனையில் சிரமம் உறுதியானால், ஆண்டுத் தேர்வில் கூடுதல் நேரமும், வினாத்தாளை வாசித்துக் காட்ட ஒருவரும் வழங்கப்படும். தனி வகுப்பு கிடையாது. வாசிப்புப் பயிற்சி வாரம் மூன்று நாள்.’

“அவளுக்கு நேரம் கிடைக்கும்னு நான் நாள எண்ணிக்கிட்டு இருந்தேன்டா. நீ அவள ஓட விட்டு ஜெயிக்க வச்சிட்ட.”

“அக்கா, நான் என்ன நினைச்சேன்னா…”

“நீ நினைக்கவே இல்ல. பேசின.”

தோற்றால்தான் பரிசு என்ற ஒரே போட்டியில் பிள்ளையைத் தயார்படுத்தி ஜெயிக்க வைத்த மாமன் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சங்கம் வைக்கலாம்.

மறுசோதனைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. ஆண்டுத் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. உதவி கேட்கும் படிவத்துக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஸ்டாப்வாட்ச் டீச்சர் அன்று எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்று விசாரித்துப் போனேன். போகிற வழியில் கடையில் தொங்கிய நம் பத்திரிகையின் அட்டையில் என் கட்டுரைத் தலைப்பு கொட்டை எழுத்தில் சிரித்தது.

விளையாட்டுச் சாமான் அறையில் பாய் உருட்டி வைத்திருந்த மூலையில் அவர் சோதனை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையை முடித்து அடுத்த பிள்ளையை அழைக்குமுன் என்னை உள்ளே கூப்பிட்டார். யாரென்று சொன்னேன்.

“தெரியும் சார். உங்க கட்டுரை படிச்சேன். ரெண்டு பக்கமும்.”

அந்த ‘ரெண்டு பக்கமும்’ என்பதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாகக் குத்தியது. நான் நடந்ததைச் சொன்னேன். படம் எடுத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் தானாக இறங்கிவிட்டது.

“மனப்பாடம்னு அன்னிக்கே தெரியும்,” என்றார்.

“எப்படி?”

“வாய் மூணாவது வரிசையில இருக்கு, கண்ணு ரெண்டாவதுல இருக்கு. அப்புறம், படம் முப்பத்தொண்ணு, எண்ணு அட்டை அறுபது. படத்த விட எண்ணுதான் சீக்கிரம் வரணும். இவளுக்குத் தலைகீழ். எண்ணு அட்டைய நீங்க படம் எடுக்கல போல.”

“கவனிக்கல.”

“அது மட்டும் இல்ல சார். எங்க வீட்டுக்காரர் இருக்காரே, பஸ் டிரைவர். இந்த வேலைக்கு வந்தப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. அவர உக்கார வச்சுத்தான் பழகினேன். தினம் காலைல ஒரு தடவ. ஒரு மாசத்துல மனுஷன் கண்ணாடியப் பாத்து ஷேவ் பண்ணிக்கிட்டே ‘சாவி, பந்து, குடை’ன்னு ஆரம்பிச்சிட்டார். மனப்பாடத்துக்கு ஒரு ராகம் இருக்கு. உங்க பொண்ணு அதே ராகத்துல பாடினா.”

இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். கட்டுரை எழுதுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதினெட்டு ஆண்டு விளையாட்டு ஆசிரியை. இளமையில் நீளம் தாண்டுதலில் பதக்கம் வாங்கியவர். பள்ளியில் தாண்டும் குழிக்கு மணல் கேட்டு நான்கு முறை எழுதிக்கொடுத்திருக்கிறார். மணல் வரவில்லை. ஒருநாள் பிள்ளைகளுக்கு எப்படி இறங்குவது என்று காட்டத் தாண்டியவர் கெட்டித் தரையில் இறங்கினார். முழங்கால் போயிற்று. இலகுப் பணி கேட்டு அலுவலகத்துக்குப் போனார்.

“அதிகாரி கேட்டார், ‘ஸ்டாப்வாட்ச் பிடிக்கத் தெரியுமா?’ ‘பதினெட்டு வருஷமா பிடிக்கறேன் சார்’னேன். ‘அப்ப நாளைலருந்து பிள்ளைங்க பேசறதுக்குப் பிடிங்க’ன்னார். அவ்வளவுதான் என் நேர்காணல். நீங்க எழுதினது தப்பில்ல. எனக்கு மூளையப் பத்தி ஒண்ணும் தெரியாமத்தான் இருந்துச்சு.”

அதன்பிறகு அவர் செய்த எதையும் அந்த அதிகாரி கேட்கவும் இல்லை, அதற்குப் பணம் கொடுக்கவும் இல்லை. சோதனைக் கையேட்டை ஓராண்டில் ஆறு முறை படித்தார். விடுமுறையில் சொந்தச் செலவில் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார். வாட்சை ஏன் துணியில் மூடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஓட்டப்பந்தயத்துல வாட்சப் பாத்தா பிள்ளைங்க வேகமா ஓடும். இங்க வாட்சப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும்.”

என் குறிப்பேட்டில் இருந்த அந்த வரியை அங்கேயே அடித்தேன்.

பெயர் சொல்லும் வேகத்தை ஏன் அளக்க வேண்டும் என்று, இந்த முறை பதிலை எதிர்பார்த்துக் கேட்டேன்.

“பேர் தெரியுமாங்கறது இல்ல சார் கேள்வி. தெரிஞ்ச பேர் வாய்க்கு வர எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதுதான். நமக்கு எப்பவாவது ஒரு பேர் தொண்டையில நிக்கும்ல? சில பிள்ளைங்களுக்கு ஒவ்வொண்ணும் ஒரு நொடி நிக்கும். பேசும்போது தெரியாது. படிக்கறப்ப ஒவ்வொரு எழுத்தா, ஒவ்வொரு வார்த்தையா நின்னு நின்னு வரும். பக்கம் முடியறதுக்குள்ள மணி அடிச்சிரும். இத ஒண்ண மட்டும் வச்சு நாங்க முடிவு பண்றதில்ல, வாசிக்க விட்டும் பாப்போம். ஆனா உங்க முப்பத்தொண்ணு மொத்தக் கணக்கையும் கோட்டுக்கு மேல தூக்கிருச்சு.”

மக்கள் வாழும் எந்த ஊரிலும் நடக்கிற அநியாயம்தான் இது. ஒரு பிள்ளை நொண்டினால் ஓடச் சொல்லி அடிக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நொண்டினால் சோம்பேறி என்று அறிக்கையில் எழுதுவோம், எழுந்து நின்று வாசி என்போம், வகுப்பே சிரிக்க விடுவோம். அறுபத்திரண்டு பள்ளிகளுக்கு ஒரே ஒரு ஆளை, அதுவும் முழங்கால் போன பிறகு, வாட்ச் பிடிக்கத் தெரியும் என்பதற்காக நியமித்திருக்கிறார்கள். என் கோபம் பாய்ந்திருக்க வேண்டிய இடம் அது. நானோ, அந்த அறுபத்திரண்டு பள்ளிகளுக்கும் பேருந்தில் நொண்டிக்கொண்டு போகும் அந்த ஒரே ஆளின் மேல் பாய்ந்தேன்.

“இப்ப என்ன பண்ணலாம் டீச்சர்?”

“சோதனை கெட்டுப்போச்சுன்னு சொல்லி ரத்து பண்ணினா, வேற அட்டை வச்சு உடனே நடத்தலாம். அன்னிக்கே குறிப்புல சந்தேகம்னு எழுதிட்டேன். சந்தேகம் பத்தாது, ஆதாரம் வேணும்னுட்டாங்க. நீங்க எழுதிக் குடுங்க.”

அங்கேயே உருட்டி வைத்த பாயின்மேல் உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. டீச்சர் அடுத்த குழந்தையைச் சோதித்துவிட்டு வந்து வாங்கிப் பார்த்தார்.

“இதுல நீங்க படம் எடுத்தது எங்க சார் இருக்கு?”

“மூணாம் பக்கத்துல. கல்வி முறையோட வரலாற்றுக்கு அப்புறம்.”

“அது வேண்டாம். நீங்க பண்ணினத மட்டும் எழுதுங்க.”

நூற்றுப்பதினான்கு மனு எழுதிய கை. ‘நான்’ என்று தொடங்கி, அடுத்தவனைக் குற்றம் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க அதற்குத் தெரியவில்லை. இரண்டாவது முறை ‘சூழ்நிலையின் காரணமாக’ என்று நுழைந்தது, அடித்தார். மூன்றாவது முறை ‘தவறான புரிதல் ஏற்பட்டதால்’ என்றேன்.

“யாருக்கு ஏற்பட்டுச்சு?”

“எனக்கு.”

“அப்ப அத எழுதுங்க.”

ஆறாவது தாளில் முடிந்தது. ‘தலைமையாசிரியை மேசையில் இருந்த சோதனை அட்டையை அனுமதியின்றிப் படம் எடுத்தேன். என் அக்கா மகளுக்கு அதை மனப்பாடம் செய்வித்தேன். கடிதத்தை முழுதாகப் படிக்கவில்லை. பிள்ளை மேல் தவறில்லை.’ அந்தத் தாளில் தலைமையாசிரியையும் கல்வி அதிகாரியும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதிகாரி படித்துவிட்டு, “பத்திரிகையில எழுதறவர் நீங்கதானே?” என்று கேட்டார். தண்ணீர் வாரியத்துப் புகார்ப் பிரிவில் என்னிடம் வந்து நிற்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை புதிய அட்டை. இந்த முறை சன்னலுக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று அக்கா என்னை வாசல் மரத்தடியில் நிறுத்தினாள். கால்மணி கழித்து டீச்சர் எட்டிப் பார்த்து, “எழுபத்தெட்டு” என்றார். அக்கா கைதட்டினாள். பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு தாய் தன் பிள்ளை மெதுவாகச் சொன்னதற்குக் கைதட்டுவதைப் பார்த்த காவலாளி ஒன்றும் புரியாமல் தானும் தட்டினார். வாலு வெளியே வந்தாள்.

“எழுபத்தெட்டாம். முன்னாடி முப்பத்தொண்ணு இருந்தேன் மாமா. உன் பயிற்சி வேஸ்ட்.”

“நீ சோம்பேறி இல்லன்னு இதுல எழுதியிருக்கு டீ.”

“அது எனக்குத் தெரியும். எங்க மிஸ்ஸுக்கு ஒரு காப்பி குடு.”

குடுத்தேன். அந்த ஆசிரியை அதை இரண்டு முறை படித்தார். நான் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா முழங்கையால் இடித்தாள்.

படிவம் வெள்ளிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தது. ஏழு வாரத்தில் வாசிப்பில் அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி வாரம் மூன்று நாள் ஒரு சின்னப் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். என்னை மூன்று முறை அறையை விட்டு வெளியே அனுப்பினாள். நான்காம் முறை நானே போய்விட்டேன்.

ஆண்டுத் தேர்வின் கடைசி நாள், அறிவியல். வாசித்துக் காட்டுபவர் உறவினராக இருக்கக்கூடாது என்பது விதி. எவ்வளவு நல்ல விதி! நான் வாசலில் நின்றேன். மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். வாலு வரவில்லை. பக்கத்துப் பள்ளியில் வேலை முடித்து டீச்சர் வந்து, காவலாளியின் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். பத்து நிமிடம், இருபது, முப்பது. ஒரு பிள்ளை உள்ளே தாமதிப்பதை நான் சந்தோஷமாகக் காத்திருந்து பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நாற்பதாவது நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னடீ ஆச்சு? முடிக்கலையா?”

“முடிச்சேன். எல்லாக் கேள்வியும் பாத்தேன். எட்டாவது மட்டும் விட்டுட்டேன் மாமா. பத்து நிமிஷம் உக்காந்து யோசிச்சேன். நேரம் இருந்துச்சு. ஆனா பதில் தெரியல.”

“எப்பவும் நேரம்தானே இருக்காது உனக்கு?”

“ஆமா. இன்னிக்கு நெஜமாவே தெரியல. கடுப்பா இருக்கு.”

டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அதுக்கு எங்கிட்ட அட்டை கிடையாது பாப்பா,” என்றார். “அதுக்குப் படிக்கணும்.”

பேருந்து வந்துவிட்டது. நொண்டியபடி ஏறிக்கொண்டார்.